வழியனுப்பு விழா

"அம்மா, என் பொண்ணு பேரும் பட்டியல்ல வந்துருச்சுங்க."

சொன்னவர் பொன்னுரங்கம், தனியார் பள்ளித் தாளாளர். கலெக்டர் முன்னால்கூடக் கால்மேல் கால் போட்டு உட்காருகிற மனுஷன், அன்றைக்கு நீலம்மையின் ஆசிரமத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

நீலம்மை அவரைவிட வயதில் சின்னவர். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பட்டியல்?"

"ஒன்பதாவதோட வெளிய அனுப்பற பட்டியலுங்க. மார்க் தேறாத பிள்ளைங்களப் பத்தாவதுக்கு ஏத்தறதில்ல. நானே உக்காந்து போட்ட அஞ்சு வருஷத் திட்டம். அதுக்கப்புறந்தான் ஸ்கூலு நூத்துக்கு நூறு தேர்ச்சி. இப்ப அட்மிஷனுக்குச் சிபாரிசு புடிச்சுட்டு வர்றாங்க."

"நல்ல திட்டந்தான் போல."

கிண்டலா, பாராட்டா? அவருக்குப் பிடிபடவில்லை.

"என் தாரகை பேர மட்டும் பட்டியல்ல இருந்து அடிச்சா, பிள்ளையக் கூட்டிட்டுப் போன அத்தன பேரும் கேட்டுல வந்து என்னைக் கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. அடிக்கலைன்னா... ஒத்தைப் பொண்ணுங்கம்மா. ஒரு வாரமா சோறு எறங்கல அதுக்கு. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"போன பிள்ளைங்க அழலையா?"

பொன்னுரங்கத்துக்குச் சட்டென்று உயிர் வந்தது. கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வியாயிற்றே!

"அதுக்குத்தானுங்க புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன். வழியனுப்பு விழா! கேக் வெட்டுவோம். பொன்னாடை போத்துவோம். வகுப்பே கை தட்டும். நான் நாலு நல்ல வார்த்தை பேசுவேன். பெத்தவங்களுக்குச் சண்டை போட வாயே வராது. மத்த ஸ்கூல்காரங்க இப்ப இதக் காப்பியடிக்கறாங்கன்னாப் பாத்துக்கோங்க."

"பொண்ணு எங்க?"

"கார்ல இருக்குதுங்க."

"கூப்பிடுங்க. விழாவ இங்கயே நடத்திருவோம்."

"அம்மா, விளையாடாதீங்க."

நீலம்மை விளையாடவில்லை. மடித்த துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

தாரகை வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சீருடையைப் போட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கன்னம் ஒட்டியிருந்தது.

"பேசுங்க," என்றார் நீலம்மை.

அவர் துண்டை மகளின் தோளில் போட்டார். எத்தனையோ மேடை ஏறிய வாய், பாவம், தந்தியடித்தது.

"உன்னோட திறமைக்கு... நம்ம பள்ளி பத்தாது கண்ணு. வேற எடத்துல நீ இன்னும் நல்லா..."

அதற்குமேல் ஓடவில்லை. இதெல்லாம் வேண்டாம், வா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

அதற்குள் தாரகை நிமிர்ந்து நின்றாள். கை கூப்பினாள். போட்டோவுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தாள்.

"இத்தன நாள் என்னையப் பொறுத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க சார்."

"சாரா? ஐயோ, அப்பா கண்ணு நானு! யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"மிஸ்தான். எல்லாரும் இதத்தான் சொல்லணும். வினோதா சொல்றப்ப அழுதுட்டா. நீங்க அவள மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லச் சொன்னீங்க."

பொன்னுரங்கத்துக்கு வினோதாவின் முகம் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

தாரகை கூப்பிய கையை இறக்காமல் நின்றாள்.

"நான் அழாமச் சொல்லிட்டனா சார்?"