அண்ணனுக்குப் போன சோறு

“தாயே, நான் எவ்வளவு காலம் இருப்பேன்?” என்று கேட்டான் செங்கோடன்.

நெஞ்சுவலியோடு மலைமடத்துக்கு வந்தவன் அவன். அங்கே வைத்தியம் பார்க்கும் துறவி உமையாள், அவனைவிட இளையவள். தினைச்சோறு, முருங்கைக்கீரை, கொள்ளு ரசம், பூண்டு என்று அவள் சொன்னதை மட்டுமே சாப்பிட்டான். இப்போது வலி இல்லை.

ஆனால் பயம் போகவில்லை.

உமையாள் திருப்பிக் கேட்டாள்.

“உங்க அப்பா எப்படிப் போனாரு?”

“நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுதான்.”

“தாத்தா?”

“அவரும் அப்படித்தான்.”

“கூடப் பொறந்தவங்க?”

செங்கோடனின் முகம் இறுகியது.

“ஒரே அண்ணன். ராக்கியண்ணன்னு பேரு. கிணத்துத் தகராறுல என்மேல அரிவாளைத் தூக்கினவன். பேச்சுவார்த்தை இல்லை.”

“அவரு என்ன சாப்பிடறாரு?”

“தினமும் கறிதான். கொழுப்பு மிதந்தாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும்.”

சொல்லும்போதே அவன் குரல் தாழ்ந்தது.

உமையாள் அவனுக்குப் பரிமாறியிருந்த தினைச்சோற்றை எடுத்தாள். தூக்குச்சட்டியில் போட்டு மூடினாள். “உங்க அண்ணனுக்கு,” என்று அவன் கையில் கொடுத்தாள்.

“வெட்டிப் போட்டுடுவான் தாயே!”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

*

ராக்கியண்ணன் வாசலிலேயே மறித்தான். கையில் அரிவாள். காலடியில் நாய் உறுமியது.

“எதுக்குடா வந்தே?”

“சோறு கொண்டாந்தேன்.”

“விஷம் வெச்சிருக்கியா?”

செங்கோடன் மண்ணில் உட்கார்ந்தான். சட்டியைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டான். மென்று விழுங்கினான்.

“எனக்கு நெஞ்சுவலி வந்துச்சுண்ணா. அப்பாவுக்கு வந்த மாதிரியே. இதைத் தின்னுதான் நடமாடறேன்.”

“அதுக்கு?”

“உனக்கும் வலிக்குதா?”

அரிவாள் பிடித்த கை அசைந்தது.

செங்கோடன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

திறந்தபோது, அரிவாள் சுவரோரம் சாய்ந்திருந்தது. அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தான், உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்தபடி.

“நாலு எட்டு வேகமா வெச்சாப் போதும், வந்துடுது,” என்றான். “வீட்டுல யாருகிட்டயும் சொல்லலை.”

செங்கோடன் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினான்.

அண்ணன் ஒரு வாய் எடுத்து வைத்தான். வெகுநேரம் மென்றான்.

“உப்பே இல்லையேடா.”

“பழகிடும்ண்ணா.”