முப்பத்தொரு கோடுகள்

கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனி. அதன் மேலாளர் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த மறுநாளே எழுத்தர் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"இங்க யாரு யாரைத் தேடிப் போறாங்கன்னு கோடு போட்டு, சாயங்காலத்துக்குள்ள படமா வரைஞ்சு கொண்டாம்மா. நிறையக் கோடு யாருகிட்டச் சேருதோ, அவர்தான் கம்பெனிக்கு உயிர்நாடி. முதலாளி பார்க்கணும்."

அந்த உயிர்நாடி தாம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"என் வீட்டுக்காரரோட மாற்றல் மனு என்னாச்சுங்க சார்?"

"இடத்துல உட்காராம எல்லார்கிட்டயும் பேசிட்டுத் திரிஞ்ச ஆளு. நாக்பூர் கிடங்குலயே இருக்கட்டும்."

எட்டு மாதமாக அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். ஊறுகாயை மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு வைத்துக் கொண்டுவருகிறாள்.

கம்பெனியில் இருந்த நாற்பது பேரிடமும் போய் ஒரே கேள்வி கேட்டாள். "வேலை சிக்கிக்கிட்டா முதல்ல யாரைத் தேடுவீங்க?"

சாயங்காலம் முதலாளி படத்தை விரித்தார். முப்பத்தொரு கோடுகள் ஒரே பெயரில் போய்ச் சேர்ந்தன. மேலாளருக்கு இருந்தது அவருடைய டிரைவர் தந்த ஒரு கோடு.

"யாரு இந்த மயில்சாமி?"

"லேத்துக்காரங்க கஷ்டத்தை ஸ்டோர்லயும், ஸ்டோர்க்காரங்க கஷ்டத்தை லேத்துலயும் சொல்லிச் சரிபண்ணினவருங்க. இப்ப நாக்பூர்ல இருக்காருங்க. இன்னமும் போன் போட்டு அவரைத்தான் கேக்கறாங்க."

"அவ புருஷன் சார் அது," என்றார் மேலாளர்.

"எல்லாரையும் கேட்டுப் பாருங்க. என் பதிலை நான் சேர்க்கலீங்க."

முதலாளி மேலாளரிடம் கிடந்த மாற்றல் மனுவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "உன் பதிலை ஏம்மா விட்டே?"

"வேலை சிக்கினா யாரைத் தேடுவீங்கன்னுதானுங்க கேட்டேன். நான் வேலை சிக்காதப்பவும் தேடறேனுங்க."