நான்காவது இலை

முன்னொரு காலத்தில் மணிநல்லூர் நாட்டை மாறவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் இருட்டியதும் கோட்டை வாசலில் 'சடசட, சடசட' என்று விநோதச் சத்தம். பகைவர் படையோ என்று பயந்து ராஜா கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டான்.

படையுமில்லை, பேயுமில்லை. படித்து முடித்த ஆயிரம் இளைஞர்கள் பட்ட ஓலைகளை ஆட்டியபடி வேலை கேட்டு நின்றார்கள்.

பயந்த ராஜாவுக்குக் கோபம் வந்தது. "மூன்றே மாதம்! வேலையில்லாதவர் என்று ஒருவர்கூட என் நாட்டில் இருக்கக் கூடாது!"

சபையில் கொண்டல்நாதர் என்றொரு பிரதானி. வேறு யாருக்குப் புகழ் வந்தாலும் வயிறு எரியும் அவருக்கு. அவர் முந்திக்கொண்டு ஆயிரம் பேரையும் மேல்பாடசாலையில் சேர்த்தார். அதை முடித்தவர்களை அதற்கும் மேல்பாடசாலையில் சேர்த்தார்.

"மாணவர்களை வேலையற்றவர் என்று யார் சொல்வார், பிரபு? இனி நாட்டில் வேலையற்றவர் பூஜ்யம்!"

ராஜா மகிழ்ந்து முத்துமாலை போட்டான்.

வருஷங்கள் ஓடின. வைத்தியம் படித்த மாதங்கியை நான்காம் முறையாகப் பாடசாலைக்கு அழைத்தார்கள். அவள் இடுப்பில் குழந்தையோடு நேரே சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, முதலில் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது என் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் அவளும் நானும் ஒரே வகுப்பு."

சபை சிரித்தது. "படிப்பு கசக்கிறதோ?" என்றார் கொண்டல்நாதர்.

"படிப்பு இனிக்கிறது ஐயா. பட்டினிதான் கசக்கிறது. மகாராஜா, நாளை மதியம் ஒரே ஒருவேளை உங்கள் இருவருக்கும் நான் பரிமாற வேண்டும்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. சரி என்றான்.

மறுநாள் வேட்டையாடிய பசியோடு ராஜா வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் கொண்டல்நாதர். மாதங்கி இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சற்றுப் பொறுத்து அந்த இலையை எடுத்துவிட்டுப் பெரிய இலை போட்டாள். பிறகு அதைவிடப் பெரியது. நான்காவது இலை பாய் அகலம் இருந்தது.

"அடியே, சோறு எங்கே?"

"பசிக்கிறதா மகாராஜா? அதெப்படி? பந்தியில் உட்கார்ந்தவரைப் பசித்தவர் என்று யார் சொல்வார்? இந்த மண்டபத்தில் பசித்தவர் பூஜ்யம். வேண்டுமானால் இவரைக் கேளுங்கள்."

ராஜா திரும்பினான். "என்ன கொண்டல்நாதரே, பசி போய்விட்டதா?"

"பிரபு, முதலில் சோறு போடச் சொல்லுங்கள்! இலையைத் தின்னவா முடியும்?" என்று கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. முத்துமாலையை அவர் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு மாதங்கியிடம் திரும்பினான்.

"ஊர் வைத்தியசாலை ஏன் பூட்டிக் கிடக்கிறது?"

"தகுந்த ஆள் கிடைக்கவில்லையாம், மகாராஜா."

"வைத்தியசாலை உனக்கு. மற்றவர்களுக்கும் காலியாய்க் கிடக்கும் வேலை ஒவ்வொன்றும் இந்த மாதமே போகும். மேலே படிப்பது இனி அவரவர் விருப்பம். இந்தா, மாலை."

"மாலை வேண்டாம். சாவி கொடுங்கள்."

அன்று சாயங்காலமே மாதங்கி வைத்தியசாலையைத் திறந்து கூட்டினாள். காய்ச்சலில் நடுங்கிய ஒரு நெசவாளி வந்து நின்றான். அவன் பின்னாலேயே கொண்டல்நாதர் ஓலையும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, வேலையில் சேருமுன் ஒரே ஒரு ஆறுமாதப் பயிற்சி..."

மாதங்கி நெசவாளியைக் கைபிடித்து உள்ளே அழைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.