எத்தனை வருஷத்துக்கு

"புதுக் காரை லீசுக்கு எடுக்கிறது மலிவா, சொந்தமா வாங்குறது மலிவா?" என்று கேட்டார் அரியநாயகம்.

தவமணி அம்மாள் கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருமலை அடிவாரத்துக் குடிலுக்கு வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். அடங்காத கோபத்தைப் பற்றிக் கேட்பார்கள். காரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அரியநாயகம் நாலு வருடமாக வியாழக்கிழமைதோறும் வரும் சீடர். குரு தவமணி அம்மாளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவர். கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியிருந்தால் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்.

மனிதர்களையும் அப்படித்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்.

"யாரையெல்லாம் கேட்டீங்க?" என்றார் அம்மாள்.

நாலு பேரைக் கேட்டிருந்தார். நாலு பேர் மேலும் சந்தேகம்.

லீஸ் கம்பெனிக்காரர், மூன்று வருடத்துக்கு மாத வாடகை மட்டும் கட்டினால் போதும், இன்சூரன்ஸும் சர்வீசும் எங்கள் பொறுப்பு என்றாராம். இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவன் திருப்பித் தரும் நாளில் ஒவ்வொரு கீறலுக்கும் காசு கேட்பான். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று ஒரு வரி வேறு இருந்தது. அந்த மீட்டருக்கு முத்திரை வைத்தது யார் என்று கேட்டிருக்கிறார் அரியநாயகம். அந்த ஆள் பேசாமல் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அரியநாயகம் குடிக்கவில்லை.

பேங்கில் இருந்த பெண் ஏழு வருடக் கடன் என்றாள். முடிவில் வண்டி உங்களுடையது சார் என்று சிரித்தாள். கடன் கொடுப்பவளுக்கு என்ன சிரிப்பு?

மருமகன் சென்னையிலிருந்து போனில் லீசே மேல் என்றான். அவனுக்கு அந்தக் கம்பெனியில் சிநேகிதன் யாராவது இருக்க வேண்டும். மெக்கானிக் சொந்தமாக வாங்கச் சொன்னான். சொந்த வண்டி பழுதானால் அவனிடம்தானே வரும்.

"என் மேலயும் சந்தேகம் உண்டா?"

"வாசல்ல ஒரு புதுக் கார் நிக்குதே, அம்மா."

"பம்ப்செட் பாக்க வந்தவரோடது."

"சொந்தமா, லீசா?"

அம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இன்னொண்ணு சொல்றேன்" என்றார் அரியநாயகம். "இந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே கிடையாது. ஆனா பேசி வெச்ச மாதிரி ஒரே கேள்வியைக் கேக்குறாங்க."

"என்ன கேள்வி?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே சிமெண்ட் பெஞ்சில் அவர் மனைவி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து குடிலுக்கு இருநூறு அடி. அந்த இருநூறு அடிக்கு அவள் மூன்று இடத்தில் நின்றிருந்தாள். இப்போதும் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டியை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுந்து வந்துட்டேன்."

"நாலு இடத்துலயுமா?"

"மூணு இடத்துல. மருமகன்கிட்ட போனை வெச்சுட்டேன்."

அம்மாள் கையை நீட்டினார். அரியநாயகம் பையிலிருந்த நோட்டைக் கொடுத்தார்.

ஏழு மாதக் கணக்கு. பொடி எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. டயர் தேய்மானம் இருந்தது. ஏழு வருட வட்டி இருந்தது. பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது மூன்று விதமாகப் போட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'வருடம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டின் மேல் எதுவும் எழுதவில்லை.

அம்மாள் எல்லாப் பக்கத்தையும் பார்த்தார்.

"ஒரு தட்டுல லீஸ். இன்னொரு தட்டுல சொந்தம். ரெண்டு தட்டுலயும் சரக்குதான் இருக்கு. எடைக்கல் எங்கே?"

சீடருக்குக் கோபம் வந்தது.

"எனக்குக் கணக்குத் தெரியும், அம்மா. நாலு வருஷத்துக்குள்ளன்னா லீஸ் மலிவு. அதுக்கு மேல வெச்சிருந்தா சொந்தம் மலிவு. முதல் நாளே போட்டுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏழு மாசமா எதைத் தேடினீங்க?"

அரியநாயகம் பாயின் கோரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷத்துக்கும் வாங்குறதுதான் மலிவுன்னு சொல்ற ஒரு ஆளை" என்றார்.

பம்ப்செட் ஒரு தடவை இருமி நின்றது.

ஏழு மாதத்துக்கு முன்பு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். செண்பகவல்லியின் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள், பஸ் வேண்டாம் என்றார். அன்று சாயங்காலமே அரியநாயகம் நோட்டு வாங்கினார். அதற்குப் பிறகும் அவள் பஸ்ஸில்தான் போய் வந்தாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள். யாரோ ஒரு பூக்காரம்மாள் தண்ணீர் தெளித்தாள்.

இதை அவர் சொல்லி முடித்தபோது நோட்டு அவர் மடிக்கே வந்திருந்தது.

"அவளுக்குத் தெரியாது" என்றார்.

அம்மாள் கொசுவலையை ஒதுக்கி வைத்தார். எழுந்து வெளியே போனார். செண்பகவல்லியின் முழங்கையைப் பிடித்து மெதுவாக உள்ளே அழைத்து வந்தார்.

தன்னுடைய மணையில் அவளை உட்கார வைத்தார்.

பிறகு அரியநாயகத்துக்குப் பக்கத்தில், பாயில், சீடர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்பக் கேளுங்க" என்றார்.

செண்பகவல்லிக்குக் கூச்சமாக இருந்தது. மணையின் விளிம்பில் பாதி உட்கார்ந்து புடவையை இழுத்து விட்டுக்கொண்டாள். அரியநாயகம் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். இரண்டு பேரும் முன்பே பேசிவைத்துக்கொண்டார்களோ என்று தோன்றியது. போன வியாழக்கிழமை இவர் கிணற்றடியில் கால் கழுவப் போனபோது இருவரும் தனியாக இருந்தார்கள்.

கேட்காமல் எழுந்து போக வழியில்லை. வாசலுக்கும் அவருக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"காரு" என்றார். "லீசுக்கு எடுக்கவா, வாங்கவா?"

செண்பகவல்லி கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தாள்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டாள்.

ஐந்தாவது ஆள்.

அரியநாயகத்தின் கை நோட்டைத் தேடியது. மூடியே வைத்திருந்தார்.

"மூணு."

"மூணா?" அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "எங்கிட்ட ரெண்டரைன்னாரே. உங்களுக்கு நிறுக்கும்போது கூடப் போட்டுக் குடுத்திருக்கார். ஊரையே சந்தேகப்படுறவங்க, அந்த டாக்டரை விட்டுட்டீங்களே."

அவர் நோட்டைப் பாயில் வைத்தார்.

"எப்ப சொன்னார்?" என்று கேட்டார்.

"உங்களைக் கூப்பிடுறதுக்கு முந்தி. இவரு தாங்குவாரா, சொல்லலாமான்னு எங்கிட்டத்தான் கேட்டார். சொல்லுங்கன்னேன்."

அம்மாள் கொசுவலையை எடுக்கவில்லை. கைகள் மடியில் இருந்தன.

"லீஸுன்னா" என்றாள் செண்பகவல்லி, "கெடு முடிஞ்ச அன்னைக்கு அவங்களே வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிருவாங்களா?"

"போயிருவாங்க."

"நீங்க அலைஞ்சு ஆள் பிடிச்சு விக்க வேண்டாமே?"

"வேண்டாம்."

"உங்களுக்கு ஓட்டவும் வராது, டிரைவர் வெக்கிறதே எனக்காகத்தான். நான் உக்காந்த சீட்டைத் துடைச்சுக்கிட்டே இருப்பீங்க." மூச்சு வாங்கியது. பொறுத்துக்கொண்டு தொடர்ந்தாள். "அதுக்கப்புறம் அது நம்ம வாசல்ல நிக்காதே?"

ஒப்பந்தத்தின் அந்த வரி அவருக்கு மனப்பாடம்.

"நிக்காது" என்றார் அரியநாயகம்.

செண்பகவல்லி தரையில் கையூன்றி மணையிலிருந்து எழுந்தாள்.

"அப்ப வாங்க, பன்னிரண்டே கால் பஸ்ஸுக்குப் போயிரலாம். அந்த லீஸ்காரர் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்துறதுக்குள்ள பாத்துருவோம்."