ஈயத் தகட்டில் ஒரு பெயர்

கிரேக்கத் துறைமுக நகரமொன்றில் ஈசாந்தர் பேச்சுக்கலை கற்பித்துவந்தார். தேவையில்லாத ஒரு சொல்லைக்கூட அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய சீடன் லைகோன். அவன் தம்பி கடலில் மூழ்கி இறந்துபோனான். படகில் கூட இருந்தவன் தோரியன் ஒருவன்தான். அவனே தள்ளிவிட்டான் என்று லைகோன் வழக்குத் தொடுத்தான்.

விசாரணைக்கு முந்தைய நாள் லைகோன் ஓர் ஈயத் தகட்டோடு ஆசானிடம் வந்தான். எதிராளியின் வாயைக் கட்டத் தகட்டில் சாபம் எழுதி, அகாலத்தில் இறந்தவரின் சமாதியில் புதைப்பது அந்த ஊர் வழக்கம்.

"நாற்பது வரி எழுதியிருக்கிறேன், ஆசானே. நடை சரியா என்று பாருங்கள்."

ஈசாந்தர் படித்தார். "நாக்கு மரத்துப்போகட்டும், தொண்டை அடைக்கட்டும், குரல் எழாமல் போகட்டும். மூன்றும் ஒன்றுதானே?"

"ஒன்றுதான்."

"இரண்டை அடி."

அடித்தான்.

"நீ எதற்காகப் புதைக்கிறாய் என்று சமாதியின் கீழே இருப்பவனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்படியானால் மற்றதும் வேண்டாம்."

தோரியனின் பெயர் மட்டும் மிஞ்சியது. லைகோன் அதைப் புதிய தகட்டில் கீறித் தன் தம்பியின் சமாதியில் புதைத்தான்.

மறுநாள் மன்றத்தில் தோரியன் எழுந்து வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. அவன் பேசுவதற்கென்று நீர்க்கடிகாரத்தில் ஊற்றிய நீர் கடைசிச் சொட்டுவரை வடிந்தது. அதற்குப் பிறகும் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

அவனை ஊரைவிட்டு விலக்கினார்கள்.

மூன்றாம் நாள் காலை லைகோன் ஆசானிடம் ஓடிவந்தான். கையெல்லாம் மண்.

"அவன் எதையோ சொல்ல வந்தான், ஆசானே. என் தம்பி எப்படிச் செத்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சாபக்கட்டை அவிழ்க்கலாம் என்று சமாதியைத் தோண்டினேன். தகடு இருக்கிறது. பெயர் இல்லை."

ஈசாந்தர் தகட்டை வாங்கித் தடவினார். ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"நடையைத்தான் திருத்துகிறேன் என்று நினைத்தேன்" என்றார்.

"அவிழ்க்க என்ன எழுத வேண்டும்? ஒரே ஒரு சொல் சொல்லுங்கள், போதும்."

"எழுதாதே. எல்லையைத் தாண்டித் தோரியன் இருக்கும் இடத்துக்குப் போ. எதிரே உட்கார். உன் தம்பியைப் பற்றிப் பேசு."

"எவ்வளவு பேசுவது?"

"அவன் குறுக்கே பேசும்வரை."