கனகசபை வாங்கிய ஓட்டப் படம்

மதுரையில் ஒரு மில் ஆபீஸில் டீ போட்டுக் கொடுப்பவள் பேச்சியம்மாள். ஊரில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அவளும் ஓடினாள், மேனேஜர் கனகசபையும் ஓடினார். மறுவாரமே கனகசபை, ஓட்டத்தில் எடுத்த தம் படத்தைப் போட்டோக்காரர்களிடம் விலைக்கு வாங்கி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, வரவேற்பறையில் மாட்டிவிட்டார்.

தானும் ஓடியதாகப் பேச்சியம்மாள் சொன்னபோது அவர் சிரித்தார். மெடலைக் காட்டினாள்.

"மெடலை யார்கிட்ட வேணாலும் இரவல் வாங்கலாம். போட்டோ எங்கே?"

"எழுநூறு ரூபா சொன்னாங்க சார். ஓடினது என் காலுக்குத் தெரியும், போட்டோ எதுக்குன்னு விட்டுட்டேன்."

"சாயங்காலத்துக்குள்ள போட்டோவைக் காட்டு. இல்லைன்னா ஓடினேன்னு இங்க சொல்லிக்கிட்டுத் திரியாதே."

எழுநூறு ரூபாய்க்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளுக்கு ஆவல் வந்தது. டீத் தட்டோடு வரவேற்பறைக்குப் போய்க் கனகசபையின் படத்தை மூலைக்கு மூலை நிதானமாகப் பார்த்தாள். சாயங்காலம் எல்லோரையும் அங்கேயே டீ குடிக்கக் கூப்பிட்டாள்.

"நீங்க கேட்ட போட்டோ இதுதான் சார்."

படத்தின் நடுவே, இரண்டு கைகளையும் தூக்கியபடி கனகசபை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம், ஓரத்தில், கழுத்தில் மெடலோடு ஒருத்தி நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்கதானே?"

கனகசபையும் குனிந்து பார்த்தார். "நான் வர்றதுக்குள்ள மோர் வேற குடிச்சியா?"

"அது ரெண்டாவது டம்ளர் சார்" என்றாள் பேச்சியம்மாள். "கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ரெண்டு பேருமே தெளிவா விழுந்திருக்கோம்."