தும்பையூர் மன்றம் சிஸ்டம் மாறிய கதை

தும்பையூர்க்காரர்களைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அந்த ஊர் வாசகர் மன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆனி மாதக் கடைசியில், பட்டணத்திலிருந்து வந்த தாடிக்காரத் தம்பி ஒருவர் அங்கே பேசினார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம் ஒரு பெரிய கம்பெனியுடையது, உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஒரு எழுத்தைக்கூட நீங்கள் மாற்ற முடியாது என்றார்.

மன்றத் தலைவர் கோதண்டபாணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தமக்குத் தெரியாமல் மன்றத்தில் ஒன்று நடப்பதா? உண்மையில் மன்றத்தில் நடந்த எதுவுமே அவருக்குத் தெரியாது. அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. கொள்கை அடிப்படையில் பழைய சிஸ்டத்தோடு ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். தலைவரின் மகள் பூங்கோதையின் கல்யாணப் பத்திரிகை அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. தவறவிட்டால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மேலத்தெரு குமரவேலுக்காக அவள் ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தவள். பாவம், கல்யாணம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாமே என்று கெஞ்சிப் பார்த்தாள். கொள்கை காத்திருக்காது என்று சொல்லிவிட்டார் அப்பா.

தாடிக்காரர் புது சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் கொடுத்து, மூன்று விஷயம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். தேவையானதை முதலில் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி முடிகிறவரை கரண்டை நிறுத்தாதீர்கள். இதில் இருப்பதெல்லாம் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் தன் தேவைக்குத் தக்கபடி மாற்றலாம், ஆனால் மாற்றியதை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். கடைசியாக மாற்றியதுதான் செல்லும்.

முதலில் பத்திரிகையை அச்செடுத்துத் தலைவர் வீட்டு பீரோவில் வைத்தார்கள். வேறென்ன தேவை என்று செயலாளர் வைத்திலிங்கம் திரையை உற்றுப் பார்த்தார். மூலையில் மணி தெரிந்தது. மணி பார்க்காமல் எப்படி இருப்பது? ‘10.20’ என்று ஒரு தாளில் எழுதி, அதையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

பதினொரு வருஷம் உழைத்த பழைய சிஸ்டத்தைச் சும்மா அனுப்பக் கூடாது என்று பிரிவு உபசார விழா நடந்தது. மானிட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று பேர் வாழ்த்திப் பேசினார்கள். அதன் ஏற்புரைக்காகப் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு, தொண்டை அடைத்துப்போயிருக்கும் என்று கலைந்தார்கள்.

பிறகு புதியதை ஏற்றினார்கள். கரண்டை நிறுத்தக் கூடாதல்லவா? ஊரில் ஒருவரும் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. மோட்டார் ஓடி ஓடித் தொட்டி நிரம்பி, மேலத்தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. மன்ற உறுப்பினர் நல்லபெருமாள் வீட்டில் ஒரே சட்னி மூன்று மணி நேரம் அரைபட்டது. நன்றாக மசிந்திருந்தது என்றார்.

எப்படியோ சிஸ்டம் ஏறிவிட்டது. வைத்திலிங்கம் பத்திரிகையை மறுபடி தட்டி அதில் ஏற்றினார். அப்போதுதான் நல்லபெருமாள் கேட்டார்: “இதுல இருக்கிறதெல்லாம் பொதுச் சொத்துன்னா, பத்திரிகையும் பொதுதானே தலைவரே?”

கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டார். “மகள் என் மகள்தான். ஆனா கொள்கைன்னு வந்தாச்சு. மாத்திக்குங்கய்யா.”

மாற்றினார்கள். பூக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை தமக்கு வியாபார நாள் என்று கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார். மூட்டுவலி வாத்தியார் மண்டபத்தைத் தம் வீட்டுக்கு எதிரே கொண்டுவந்தார். நல்லபெருமாள் எந்தக் கல்யாணத்திலும் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகிறவர்; தாம் பயன்படுத்தாத முகூர்த்தத்தை எடுத்துவிட்டு, வெறும் விருந்தை மட்டும் வைத்தார். அதுதான் கடைசி மாற்றம். அதையே எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்கு எதிரே ஊரே கூடியது. சாப்பிட்டது. வெற்றிலை போட்டது. செருப்பைத் தேடியது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பூங்கோதை அப்பாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“அப்பா, தாலி?”

கோதண்டபாணி பத்திரிகையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இதுல இல்லையேம்மா.”

“நாளைக்கு ஆடிப்பா.”

அப்பாவை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வைத்திலிங்கத்தின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, பத்திரிகையின் அடியில் ‘முகூர்த்தம்: இப்பவே’ என்று எழுதி நீட்டினாள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தம் மகளும் மாற்றிவிட்டாள்.

குமரவேல் தாலியைக் கையில் எடுத்தான். “கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை” என்றார் வைத்திலிங்கம். “மாத்தினதை எல்லாருக்கும் கொடுத்தாத்தான் செல்லும்.”

“எல்லாரும் இங்கேதானே மாமா நிக்கிறாங்க?” என்றாள் பூங்கோதை.

“மண்டபத்துல வச்சா பத்திரிகை கொடுப்பாங்க? வீட்டுக்குப் போயி, தாம்பூலத் தட்டோட வச்சு அழைக்கிறதும்மா முறை.”

அது நியாயம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நேரம் இருக்கிறதா என்று ஒருவர் தலைவர் வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து பார்த்து வந்தார். பத்து இருபதுதான் ஆகியிருந்தது. நிறைய நேரம் இருந்தது.

மன்றத்தில் இருநூறு பத்திரிகை அச்சடித்து, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். எந்த வீட்டிலும் ஆள் இல்லை; எல்லாரும் அடுத்தவரை அழைக்கப் போயிருந்தார்கள். மணமேடையில் பூங்கோதை மட்டும் உட்கார்ந்திருந்தாள். கொள்கைக்குக் கட்டுப்பட்ட குமரவேலும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு சைக்கிளில் போயிருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் பங்கில் ஒரே ஒரு பத்திரிகை மிச்சம் இருந்தது. அது பூங்கோதை வீட்டுக்கு. கதவு பூட்டியிருந்தது. மூன்று தடவை தட்டினான். கல்யாண நாளும் அதுவுமாகப் பெண் வீட்டில் இல்லாமல் எங்கே சுற்றுகிறாளோ என்று சலித்துக்கொண்டு, ‘அவசியம் வரவும்’ என்று ஓரத்தில் எழுதி, பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான்.